தண்ணீருக்கடியில் புழுதி

வேலங்கரை ஆட்கள் தண்ணீர் ததும்பும் பெரிய கண்மாய்க்குள் இறங்கி, கால் நனையாமல், செருப்பில் புழுதி பறக்க, மறுகரையில் இருந்த பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே நடந்துபோகத் தொடங்கியபோது அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை; அதிசயப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும், அதை ரேஷனில் போட்டால்கூட அந்த ஊரில் வாங்குவதற்கு ஆள் கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். மேலே செங்கல் சூளைக்காரர்கள் வரத்துக்கால்வாயை மண்ணடித்து மூடிவிட்டதால் ஒரு தலைமுறைக் காலம் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டி, ஆடு மேய்க்கவும் சீட்டாடவும் மட்டும் பயன்பட்டுக் கிடந்தது அந்தக் கண்மாய். அதற்காகச் சாத்தையா என்ற ஒரு மனிதர், பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரோடும் யாரும் வராவிட்டால் தனியாகவும், தாலுகா ஆபீஸ் வாசலில் காலிக்குடத்தோடு படுத்தார், மதுரை ரோட்டை மறித்தார், அடி வாங்கினார், உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் படுத்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று மிச்சப் படிப்பைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தவர் அவர், ஆகவே சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூடத் தீர்மானம் போலத்தான் சொல்லத் தெரியும். ஊர் அவரை நேரில் தோழர் என்று கூப்பிட்டது, முதுகுக்குப் பின்னால் காலிக்குடம் என்று கூப்பிட்டது. கடைசியில் ஓர் ஐப்பசியில் கால்வாய் திறந்தது, நுரையும் சருகும் செத்த பாம்புமாகத் தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, கருவேல மரங்களின் உச்சியை மூடிக்கொண்டு கரையைத் தொட்டு நின்றது. காலிக்குடம் என்று சொன்ன அத்தனை பேரும் நிறைகுடத்தோடு வந்து கரையில் தேங்காய் உடைத்தார்கள், தேங்காய் மூடியில் தங்கள் பங்கு எங்கே என்று சண்டையும் போட்டார்கள்.

அன்று மத்தியானம்தான், குவைத்துக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் திருப்பதியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தங்கையா என்பவன் கரைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, கண்மாயைப் பார்த்து, "வறண்ட கண்மாய்க்கு எதுக்குய்யா தேங்காய் உடைக்கிறீங்க, கிறுக்குப் பிடிச்சுப்போச்சா?" என்று கேட்டான். சிரித்தார்கள். நான் சொல்வது பொய்யா என்று பாருங்கள் என்று அவன் படிக்கட்டு இறங்குவது போலத் தண்ணீருக்குள் இறங்கினான்; தண்ணீர் அவன் இடுப்பை மூடியது, தோளை மூடியது, தலையை மூடியது. அவனோ அடியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான், அவன் குதிகாலில் புழுதி எழும்பித் தண்ணீருக்குள் புகையாகப் படிந்தது, கெண்டை மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. மறுகரையில் ஏறிக் கைலியைத் தட்டிக்கொண்டு, மெடிக்கல் டெஸ்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். தலைமயிர் ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை.

பிறகு இன்னொருவன். பிறகு இன்னும் நாலு பேர். இந்த ஊரில் ஒன்றுமில்லை, போய்விட வேண்டியதுதான் என்று எவன் மனசுக்குள் முடிவு கட்டினானோ அவன் கண்ணுக்குக் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது, அவன் காலுக்கும் அப்படியே. முடிவு கட்டாதவனுக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, குளித்தால் குளிர்ந்தது, குடித்தால் இனித்தது, தவறி விழுந்தால் கொன்றது. ஊர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யோசிப்பது தன் தொழில் அல்ல என்று தெரிந்து, பெயர் மட்டும் வைத்தது: ஈரத்துக்காரர்கள், புழுதிக்காரர்கள்.

பெயர் வைத்துவிட்டால் வேலங்கரைக்கு எல்லாம் சரியாகிவிடும். ஈரத்துக்காரர்கள் கரையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள், புழுதிக்காரர்கள் குறுக்கே போனார்கள், மறுகரையில் முன்னால் போய்ச் சேர்ந்தவன் பின்னால் வருகிறவனுக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்தான். பள்ளிக்கூடத்தில் கண்மாயை வரையச் சொன்னபோது பாதிப் பிள்ளைகள் நீலமும் பாதிப் பிள்ளைகள் பழுப்பும் அடிக்க, வாத்தியார் இரண்டு பேருக்கும் மார்க் போட்டார், அவர் டவுனிலிருந்து வந்து போகிறவர், அவருக்கு எந்த நிறமானால் என்ன. பஞ்சாயத்துத் தலைவர் ஒரே வருஷத்தில் வறட்சி நிவாரணமும் வெள்ள நிவாரணமும் வாங்கினார், "ரெண்டும் உண்மைதானே, இதுல எது பொய்னு சொல்லுங்க பாப்போம்" என்று தணிக்கைக்கு வந்தவரையே மடக்கினார். கல்யாணத் தரகர்கள் சாதிக்கும் நட்சத்திரத்துக்கும் முன்னால் கேட்கிற கேள்வி, மாப்பிள்ளை ஈரமா புழுதியா என்பதுதான். புழுதி மாப்பிள்ளைக்குக் காரும் நகையும் போட்டார்கள், ஈர மாப்பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். மாசியில் மீன்பிடிக்கு ஊர் திரண்டு கூடையும் வலையுமாகக் கண்மாய்க்குள் பாயும்போது, புழுதிக்காரர்கள் அடியில் கைகட்டி நின்று, தலைக்கு மேல் தங்கள் சித்தப்பனும் மாமனும் அந்தரத்தில் கையைக் காலை உதைப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ராத்திரி அதே மீன் குழம்பாகி இலைக்கு வந்தபோது, எங்கே வாங்கினது என்று கேட்காமல், இன்னும் ரெண்டு துண்டு போடு என்றார்கள்.

எல்லாரையும் மிஞ்சினவன் ஏஜெண்ட் திருப்பதி. அவன் கண்மாய் நடுவில் கல் நட்டு, பிளாட் போட்டு, அந்நிய நாட்டில் கிடந்த புழுதிக்காரர்களுக்கு விற்றான். அவர்கள் அங்கே வெயிலில் கம்பி கட்டிச் சேர்த்ததை அனுப்பி இங்கே தண்ணீருக்கடியில் இரண்டு மாடி வீடு கட்டினார்கள், மார்பிள் போட்டார்கள், வாசலில் சிங்கம் வைத்தார்கள். லீவில் வந்தவன் அந்த வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, "என்னடா வெயில், மனுசன் இருப்பானா இந்த ஊர்ல" என்றான். அவன் ஜன்னலுக்கு வெளியே விரால் மீன் குஞ்சுகளோடு போய்க்கொண்டிருந்தது.

தங்கையா செத்ததும் அங்கேதான். விசாவை வாங்கிக்கொண்டு குறுக்கே வந்துகொண்டிருந்தவனுக்கு நடுக்கண்மாயில் ஒரு போன் வந்தது, பேசியது அவன் அண்ணன். மடைக்குப் பக்கத்து வயலை உனக்கே விட்டுக் கொடுத்துவிடுகிறேன், பழசை மறந்துவிட்டு வா, சேர்ந்து நாத்து விடுவோம் என்றான். தங்கையா நின்றான். நாம் எதற்காகப் போகிறோம் என்று ஒரே ஒரு தடவை நினைத்தான், கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நினைப்பு அவன் முகத்தில் வந்ததைக்கூடப் பார்த்தார்கள். நினைத்த மாத்திரத்தில் அத்தனை தண்ணீரும் அவனுக்கு உண்மையாயிற்று. இரண்டு இளவட்டங்கள் பாய்ந்தார்கள், அடி மட்டும் போய் அவன் தலைமயிரைத் தொட்டார்கள், தூக்க முடியவில்லை. எடுத்தபோது சட்டைப்பையில் காய்ந்த புழுதியும் நெஞ்சு நிறையத் தண்ணீரும் இருந்தன. அவ்வளவு பெரிய சாவிலிருந்து ஊர் கற்றுக்கொண்ட பாடம் என்ன? 'கண்மாய்க்குள் நடக்கும்போது போன் பேசாதீர்' என்று கரையில் ஒரு போர்டு வைத்தார்கள். திறப்பு விழா நடத்தி, கேசரி கொடுத்தார்கள்.

சாத்தையா மட்டும் இந்தக் கேசரியைத் தின்னவில்லை. கரையில் ஏறி நின்று மைக் இல்லாமல் கத்தினார். "அடே, குடத்துல மோந்து காட்டுறேன், குடிச்சுப் பாருங்கடா. எவனெவன் காலையோ பிடிச்சு வாங்கின தண்ணி இல்லடா, முதுகைக் குடுத்து வாங்கின தண்ணி." புழுதிக்காரர்கள் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "காலிக்குடமா இருக்கே மாமா" என்றார்கள், அந்தப் பட்டப்பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தோடு.

அவருக்குக் கோபமெல்லாம் ஊரின் வாய் மேல். வேலங்கரையில் யார் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், கண்பட்டுவிடும் என்று பயந்து, இருப்பதை இல்லை என்று சொல்வதுதான் மரியாதை. பத்தாயம் நிறைய நெல் இருப்பவள் "என்னத்த இருக்கு, ஏதோ கிடக்குறோம்" என்பாள், ஈன்ற மாடு வாசலில் நிற்கும்போதே "சொட்டுப் பால் இல்ல" என்பாள். சாத்தையாவின் மனைவி வள்ளிக்கண்ணும் இதில் சளைத்தவள் இல்லை. "வர்றவன் கண்ணுக்குப் பயந்து நீ சொல்ற, கூடத்துல படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளை காதுல விழுகுது" என்று, மகன் வீட்டிலிருந்து படித்த வருஷங்களில் அவர் அவளைத் திட்டாத நாள் இல்லை. அவள் ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்: "நான் வாசல்ல வச்சு நாலு பேருக்குச் சொன்னேன். நீங்க ரோடு இல்ல, தண்ணி இல்ல, ஆஸ்பத்திரி இல்லன்னு மைக்கு வச்சு ஊருக்கே சொன்னீக." அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அப்படிக் கேட்டுத்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன என்று தொடங்கி, கோரிக்கைக்கும் புலம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு மணி நேரம் விளக்கினார். அவள் நடுவிலேயே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை செம்பியன், அவர்களுக்கு ஒரே மகன், திருச்சியில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவன். கண்மாய் நிறைந்தபோது அவன் ஊரில் இல்லை. படிப்பு முடிந்து வந்து கரையில் நின்று பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான், பெட்டியோடு குறுக்கே இறங்கி வீட்டுக்கு வந்தான். பெட்டியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்துத்தான் சாத்தையாவுக்குத் தெரிந்தது. ஊரில் எவன் வீட்டில் புழுதி நுழைந்தாலும் தன் வீட்டு வாசலைத் தாண்டாது என்று அத்தனை வருஷம் இறுமாந்திருந்த மனிதர், அன்று சாப்பிடவில்லை.

ஒரு வருஷம் அவனோடு வாதாடினார். மடைக் கமிட்டிக்கு வா, உன்னைப் போலப் படித்தவன் வேண்டும் என்றார்.

"எந்த மடைப்பா? காய்ஞ்ச மடைக்கு எதுக்குக் கமிட்டி?"

"கண்ணைத் தொறந்து பாருடா."

"தொறந்துதான் பாக்குறேன். உங்களுக்குத் தண்ணி தெரியுது, எனக்கு உங்க முதுகுல இருக்கிற தழும்புதான் தெரியுது. அதைப் பாத்துக்கிட்டே வளந்தேன்ப்பா. உங்களைப் பாக்க ஜெயிலுக்கு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு இந்த ஊர்னா அந்தக் கம்பிதான்."

சாத்தையாவுக்கு இதற்குப் பதில் எந்தப் பிரசுரத்திலும் இல்லை. ஆகவே அவர் குரலை உயர்த்தினார்.

தை மாதம் அவனுக்கு மஸ்கட்டுக்கு விசா வந்தது. புறப்படுகிற காலையில் வள்ளிக்கண்ணு நெற்றியில் திருநீறு பூசி, கரை வரைக்கும் வந்து, கண்மாயைச் சுற்றிப் போய்விடு தம்பி என்று கேட்டுப் பார்த்தாள். "சுத்திப் போனா பஸ் போயிரும்மா" என்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். சாத்தையா வழியனுப்ப வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்தான். ஆனால் தோற்றுப்போன கூட்டத்தில்கூடக் கடைசிப் பேச்சுத் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருஷப் பழக்கம். ஓடி வந்து, சட்டையைக் கழற்றிக் கரையில் எறிந்து, தண்ணீரில் பாய்ந்து, மகனுக்கு நேர் மேலே நீந்தினார்.

கரையில் துவைத்தவர்கள் துணியைக் கல்லில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தெளிந்த தண்ணீர், அடியில் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறான், மேலே அப்பன் தவளை மாதிரி நீந்திக்கொண்டே பேசுகிறார், கீழே இருப்பவன் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்கிறான்.

"டே செம்பியா, நில்லுடா."

"அப்பா, கீழ இறங்குங்க. வானத்துல தொங்கிக்கிட்டுக் கையைக் காலை ஆட்டாதீங்க, பாக்குறவங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறவன் எவனும் இந்தத் தண்ணிக்கு ஒரு அடி வாங்கினவன் இல்லடா. உழைக்கிறவன் தன் மண்ணை விட்டுப் போறதுங்கிறது..."

"ஆரம்பிச்சுட்டீங்களா? பஸ் ஏழரைக்குப்பா."

அவர் பேசினார். முதலாளிகளைப் பற்றிப் பேசினார், சூளைக்காரர்களைப் பற்றிப் பேசினார், அந்நிய நாட்டு முகாம்களில் கூலிகளைக் குவித்து வைப்பதைப் பற்றிப் பேசினார், எல்லாம் உண்மை, ஒரு சொல் அவன் மேல் ஒட்டவில்லை, அவன் காலடியில் புழுதி எழும்பிக்கொண்டே இருந்தது. மடைக்கு நேரே இருக்கிற பள்ளத்துக்கு வந்துவிட்டார்கள்; கண்மாயிலேயே ஆழமான இடம் அது, மூன்று ஆள் ஆழம். சாத்தையாவுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு நின்றது. பேச்சு நின்றதால்தான் அவர் மகனின் காலைப் பார்த்தார். செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கெளுத்தி மீன் சேற்றில் பதுங்கியிருந்தது, செவுள் முள்ளை விரித்துக்கொண்டு.

"காலை எடுறா! கெளுத்தி, முள்ளு குத்திரும்!"

அது பேச்சாக வரவில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து எல்லா அப்பன்களும் எல்லா மகன்களுக்கும் போடுகிற சத்தமாக வந்தது. செம்பியன் யோசிக்காமல் காலைத் தூக்கினான். மீன் அவன் கணுக்காலை உரசிக்கொண்டு ஓடியது. அவன் குனிந்து பார்த்தான்.

"அப்பா, என்னமோ வழுவழுன்னு போச்சு." பிறகு கொஞ்சம் மெதுவாக, "காலெல்லாம் சில்லுங்குதுப்பா."

சாத்தையாவுக்கு ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்புதான் முதலில் வந்தது, அந்த மனிதருக்கு வேறு எதுவும் முதலில் வந்து பழக்கமில்லை. தாலுகா ஆபீஸும் கோர்ட்டும் ஜெயிலும் கேட்காத அவர் பேச்சை ஒருவன் கேட்டுவிட்டான், அதுவும் சொந்த மகன். கீழே பார்த்தார். அவன் பேண்டின் கீழ்ப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்டி கையில் லேசாகி மிதக்கப் பார்த்தது. சட்டைக் காலர் நனைந்தது. "அப்பா, இங்க..." என்று வாயைத் திறந்தவன் இருமினான், வாயிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மேலே மேலே வந்து, சாத்தையாவின் முகத்துக்கு முன்னால் உடைந்தது.

செம்பியனுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரே பார்க்காதவன் எங்கே போய் நீந்தக் கற்றுக்கொள்வான்? இரண்டு இளவட்டங்களால் தூக்க முடியாததை அறுபத்தெட்டு வயசுக் கிழவன் தூக்க முடியாது என்பதும் சாத்தையாவுக்குத் தெரியும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செய்வதைவிடச் செத்துப்போவது அவருக்குச் சுலபம், ஆனால் சாகப்போவது அவர் இல்லை.

"தண்ணியெல்லாம் ஒண்ணுமில்லடா!" என்று கத்தினார்.

கரையே திரும்பிப் பார்த்தது.

"தண்ணியுமில்ல, மண்ணுமில்ல. கெளுத்தியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, உங்கப்பன் பொய் சொன்னேன். கண்மாய் வறண்டு கிடக்குடா. கால்வாயில வந்தது அத்தனையும் புழுதி. பள்ளிக்கூடம் கொண்டுவந்தேன்னு சொன்னேனே, அதுல வாத்தியார் இல்ல. ஆஸ்பத்திரி கொண்டுவந்தேன்னு சொன்னேனே, அதுல மருந்து இல்ல. இந்த ஊர்ல என்னடா இருக்கு? உனக்கு இங்க என்னடா இருக்கு? போடா, போயிரு, திரும்பிப் பாக்காதே!"

நீந்துவதை நிறுத்திவிட்டுக் கத்தியதால் அவர் தண்ணீரில் மோவாய் வரைக்கும் அமிழ்ந்திருந்தார். ஒவ்வொரு இல்லைக்கும் அவர் வாய்க்குள் ஒரு வாய்த் தண்ணீர் போனது, அதை விழுங்கிவிட்டு அடுத்த இல்லையைச் சொன்னார்.

அடியில் செம்பியன் அண்ணாந்து பார்த்தான். அந்த மனிதர் அடித்திருக்கிறார், கத்தியிருக்கிறார், பிறந்தநாளை மறந்திருக்கிறார், பொய் மட்டும் சொன்னதில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"மெய்யாவாப்பா?"

"மெய்யாடா."

அவன் சட்டைக் காலர் காய்ந்தது. பேண்டின் கறுப்பு இறங்கியது. பெட்டி மறுபடியும் கனத்துக் கையை இழுத்தது. அவன் காலை உதறினான், புழுதி பறந்தது. நடந்தான், மேட்டில் ஏறினான், மறுகரையில் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து சாத்தையா பார்த்ததே இல்லை. ஆயுள் முழுக்க வாதாடிய அப்பன் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டாரே என்ற மலர்ச்சி.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா!" என்று கத்தினான். "போய் நல்லாயிட்டு உங்களையும் அம்மாவையும் கூட்டிக்கிறேன். நீங்க எதுக்கு இந்தக் காட்டுல கிடக்குறீங்க?" கையை ஆட்டினான். பஸ் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டான்.

துவைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "தோழரே சொல்லிட்டாரே, அப்பறம் நமக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுத் தன் மகனுக்குப் போன் போட்டார். இன்னொருவர் வாளியில் தண்ணீர் மொள்ளப்போய், கையை எடுத்துக்கொண்டு, வாளிக்குள் இரண்டு தடவை பார்த்தார். ஊருக்கு ஒரு பொய்யை நம்புவதற்கு யோக்கியமான ஒரு ஆள் தேவைப்பட்டான், கிடைத்துவிட்டான்.

சாத்தையா மெதுவாக நீந்தி வந்தார். படித்துறையில் வள்ளிக்கண்ணு இடுப்பில் குடத்தோடு முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் கால்களைத்தான் முதலில் பார்த்தார், நனைந்திருந்தன.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

"நனையாமப் போனானா?"

"நனையல."

அவள் குடத்தை அமுக்கினாள், குபுகுபுவென்று தண்ணீர் நிறைந்தது. குடத்தைத் தூக்காமலே அவரைப் பார்த்தாள். "எனக்குக் காது சரியா கேக்கல. அவன்கிட்ட என்ன சொல்லிக் கத்துனீக?"

நாற்பது வருஷம் ஊருக்கே கேட்கப் பேசிய மனிதர், தண்ணீரைப் பார்த்தார், அதற்குள் நின்ற அவள் கால்களைப் பார்த்தார், கரையில் காது கொடுத்து நின்றவர்களைப் பார்த்தார், அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மூச்சுக் காற்றைவிடச் சன்னமான குரலில் சொன்னார்:

"வீட்டுக்கு வா, சொல்றேன். இங்க நின்னு வேணாம்."